75 லட்சம் ரூபாய் எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காருக்கு 15 லட்சம் வரி விலக்கு எதற்கு?

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சென்னையில் ஓடும் எல்லா ரக வண்டியையும் பார்த்துவிடலாம். மீன் பெட்டி ஏற்றிய குட்டி யானை, நான்கு பேர் உட்கார்ந்த ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, புல்லட். அந்த வரிசையில் கதவு இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும் கார் ஒன்று வந்து நின்றால் கூட்டம் கூடத்தான் செய்யும். முதல் கேள்வி, "எவ்ளோ சார் விலை?" இரண்டாவது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. இதுக்கு சாலை வரி எவ்ளோ கட்டினாங்க?

பதில், பூஜ்யம்.

பேச்சு எம்ஜி சைபர்ஸ்டரைப் பற்றியது. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார். அறிமுகமானபோது விலை 74.99 லட்சம் ரூபாய். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார்கள், 510 குதிரைத்திறன், 77 கிலோவாட் அவர் பேட்டரி. துணிக் கூரை 10 விநாடியில் மடங்கிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால் வண்டி ஓடும்போதே மடக்கலாம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 விநாடி.

இந்த 3.2 விநாடியைக் கேட்டதும் 'கரன்ட்டை எப்படிக் குடிக்கும்' என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. கிட்டத்தட்ட 2 டன் எடையை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல் சுமார் 0.2 யூனிட்தான். வீட்டு ஏசி 10 நிமிடம் ஓட ஆகும் கரன்ட். அந்த 0.2 யூனிட்டை 3 விநாடிக்குள் கொட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏறி, கியர் மாறி, அதன் பிறகுதான் முழு பலத்தைக் காட்டும். மோட்டார் முதல் சுற்றிலேயே முழு இழுவிசையைத் தந்துவிடும்.

ஓட்டும் தூரம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஷோரூமில் ஏமாறுவது இங்கேதான். இந்தியச் சோதனை முறைப்படி இந்த கார் ஒரு சார்ஜுக்கு 580 கிலோமீட்டர். இதே இரட்டை மோட்டார் கார், இதே பேட்டரி, ஐரோப்பியச் சோதனை முறையில் சுமார் 444 கிலோமீட்டர். வண்டி மாறவில்லை, சோதனைதான் மாறியது. இந்தியச் சோதனையின் வேகம் மெதுவானது. ஈசிஆரில் கூரையைத் திறந்துவிட்டு 100-ல் போகிறவருக்கு ஐரோப்பிய எண்ணே அதிகம்; வேகம் கூடக்கூட காற்றின் தடை அதன் இருமடிப் பெருக்கமாக ஏறும். பட்டினப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி போய்த் திரும்ப ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதற்குப் பயமில்லை. ஆனால் 580 என்ற எண்ணை நம்பி அதைவிட நீண்ட பயணத்துக்குக் கிளம்பினால், வழியில் ஒரு காபி கட்டாயம்.

பிரிட்டனில் இந்த கார் 2024-லேயே சாலைக்கு வந்துவிட்டது. அங்கே ஓட்டியவர்கள் சொல்வதில் ஒரு ஒற்றுமை தெரிகிறது. அழகு, வேகம் இரண்டிலும் யாருக்கும் குறையில்லை. ஆனால் ஸ்டீயரிங் வளையம் பக்கத் திரைகளை மறைக்கிறது, பேட்டரி அடியில் இருப்பதால் இருக்கை கொஞ்சம் உயரம், வளைவில் எடை தெரிகிறது. சுருக்கமாக, இது துள்ளுகிற ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, சொகுசாக நீண்ட தூரம் போகிற ரகம். இது ஒரு கம்பெனியின் தவறு என்று சொல்ல முடியாது. 2008-ல் லோட்டஸ் எலிஸ் காரை அடிப்படையாக வைத்து டெஸ்லா செய்த ரோட்ஸ்டரில் லேப்டாப் ரக செல்கள் 6,831 இருந்தன. எடை 1,300 கிலோ சொச்சம். தூரமும் சொகுசும் கூடக் கூட எடையும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. எலெக்ட்ரிக் காரில் வேகத்தைக் குறைக்கும்போது பெரும்பாலும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத இரும்பு, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது பிரேக்கை அழுத்தமாகப் போட்டு டிஸ்க்கைத் தேய்த்துவிடுவது நல்லது. துணிக் கூரையில் படியும் உப்பையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சத்தம் இல்லாததும் இங்கே பிரச்சினைதான். மீன் வாங்க வந்தவர்களும் குழந்தைகளும் குறுக்கே நடக்கும் ரோட்டில், ஓசையே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் 2 டன் வண்டி ஆபத்து. குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025 செப்டம்பரில் வரைவு விதி வெளியிட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை லூப் ரோட்டில் காது கொடுத்துக் கேட்பது மட்டும் போதாது, திரும்பியும் பார்க்க வேண்டும்.

சார்ஜ் போடுவது? 7 கிலோவாட் சார்ஜர் என்றால் காலி பேட்டரி நிறைய 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு மீட்டரில் போட்டால், 2025-ல் தமிழக அரசு இரண்டு மாதத்துக்குத் தந்த 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் காலியாகியிருக்கும்.

இலவசம் என்றதும் அந்த மூன்றாவது கேள்விக்குத் திரும்பலாம். 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம். மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கையோ எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு வரி விலக்கு தந்தது. விலை வரம்பு எதுவும் இல்லை. அப்படியானால் 75 லட்சம் ரூபாய் காருக்குக் கிடைக்கும் விலக்கு சுமார் 15 லட்சம். 1.2 லட்சம் ரூபாய் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 12 சதவீத வரி என்று வைத்தால் 14,400 ரூபாய். அதாவது, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு விட்டுக்கொடுத்த பணத்தில் 104 ஸ்கூட்டர்களுக்கு வரி விலக்கு கொடுத்திருக்கலாம். இதோடு மத்திய அரசின் ஜிஎஸ்டியும் எலெக்ட்ரிக் காருக்கு வெறும் 5 சதவீதம். பெரிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

'எலெக்ட்ரிக் வண்டி எதுவானாலும் புகை இல்லையே, சலுகை கொடுத்தால் என்ன' என்று கேட்கலாம். சலுகையின் நோக்கம், பெட்ரோல் வண்டி வாங்க இருந்தவரை மாற்றுவது. தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரி இளைஞரை அந்த 14,400 ரூபாய் மாற்றும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார் நிற்க, வார இறுதிக்கென மூன்றாவதாக இதை வாங்குகிறவரிடம் எந்த பெட்ரோல் மிச்சமாகிறது?

பக்கத்து மாநிலங்கள் விழித்துக்கொண்டன. கர்நாடகம் 25 லட்சத்துக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கார்களுக்கு 2024-லேயே 10 சதவீத வரி போட்டது. கேரளம் 2025 பட்ஜெட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 சதவீதம் என்றது. அதற்காக பெங்களூருவில் எலெக்ட்ரிக் கார் விற்பனை நின்றுவிடவில்லை. தமிழகத்திலும் விலக்குக்கு 20 லட்சம் என்று ஒரு வரம்பு வைத்தாலே போதும். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் சின்ன காருக்கும் எதுவும் குறையாது. சைபர்ஸ்டர் வாங்குகிறவர் 10 சதவீதமாக ஏழரை லட்சம் கட்ட வேண்டியிருக்கும். கூரை திறக்கும் காருக்கு 75 லட்சம் எடுத்து வைத்தவர், அந்தத் தொகைக்காக மனதை மாற்றிக்கொண்டு பெட்ரோல் காருக்குப் போய், அங்கே 20 சதவீதம் கட்டப் போவதில்லை.