சாமை இல்லாத சாப்பாடு

"குழந்தைகளுக்காகத்தான் வந்தோம்" என்று சொல்லாத தகப்பனை எந்தச் சுற்றுலாத் தலத்திலும் பார்க்க முடியாது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான், மழை விட்ட ஒரு விடுமுறையில், என் இரண்டு குழந்தைகளையும் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். பெரியார் அருவியில் குளித்தோம். வெள்ளிமலை வரை போனோம். வழியிலே ஒரு சரிவில் சாமைப் பயிர் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னப்பா?" என்றாள் சின்னவள்.

"சாமை. மலை ஜனங்களின் சோறு."

"நாமும் இன்னிக்கு அதைச் சாப்பிடலாமா?"

தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுப்பதற்கு என்ன செலவு?

மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். 'குடும்ப அறை' என்ற பலகையின் கீழே உட்கார வைத்தார்கள். சர்வர் ஒரே மூச்சில் ஒப்பித்தார்: பரோட்டா, பிரியாணி, ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ். போதாதற்குப் பீட்ஸாவும் உண்டாம்! சாமைச் சோறு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது.

"அதெல்லாம் யார் சார் கேக்கறாங்க? பசங்களுக்குப் பீட்ஸா சொல்லுங்க."

பீட்ஸாவே வந்தது. நானும் ஒரு துண்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

பீட்ஸாவோடு எனக்குப் பகை இல்லை. இத்தாலியிலே நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் நின்று தின்ற பண்டம் அது. அந்த ஊர்க்காரன் அதற்காக வெட்கப்பட்டு ஒளித்துவைக்கவில்லை. வந்தவனுக்கெல்லாம் பெருமையோடு பரிமாறினான். 2017-ல் யுனெஸ்கோ அந்தக் கைத்திறனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நேப்பிள்ஸ் ஏழையின் ரொட்டி கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. கல்வராயன் மலை ஏழையின் சோறு மட்டும் ஏன் அடிவாரத்துக்கு இறங்கக் கூடாது?

அந்த மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள். 1976-ல் ஜாகீர் முறை ஒழிகிற வரைக்கும் ஜாகீர்தார்களுக்கு அடங்கிக் கிடந்தவர்கள். அந்தக் காலத்திலெல்லாம் அவர்கள் வயிற்றைக் காத்தது சாமையும் தினையும் கேழ்வரகும்தான். இன்று ரேஷன் அரிசி மலையேறிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. மரவள்ளி காசு தருகிறது. சாமை சோறு மட்டும் தருகிறது. காசு தரும் பயிருக்கு மாறுகிறவனைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது? அவன் சாமைக்கு நாம் என்றைக்காவது காசு கொடுத்தோமா?

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அப்படிக் கொண்டாட வேண்டுமென்று முன்மொழிந்ததே நம் நாடு. கூட்டம் போட்டோம், கண்காட்சி வைத்தோம். சாமை விளையும் மலையின் காலடியிலோ அதைக் கேட்டவன் பைத்தியக்காரனாகத் தெரிகிறான்!

"குழந்தைகள் சாப்பிட மாட்டார்கள்" என்பார்கள். போட்டுப் பார்த்தீர்களா? குழைய வடித்த சாமையில் தயிரைப் பிசைந்து கொடுத்தால் எந்தக் குழந்தை துப்பிவிடும்? "கேட்பாரில்லை" என்கிறார் ஹோட்டல் முதலாளி. "கிடைப்பதில்லை" என்கிறோம் நாம். இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவிலே ஒரு பயிர் செத்துக்கொண்டிருக்கிறது.

கேட்கவேண்டியவர்கள் நாம்தான். இன்றைக்குப் பத்துப் பேர் கேட்டால் நாளைக்கு அடுப்பில் ஒரு பானை ஏறும். அருவியைக் காட்டுவதற்கு ஐம்பது மைல் போகிறவர்களுக்கு, ஒரு வார்த்தை கேட்பதா பெரிய சிரமம்?

திரும்பி வரும்போது சின்னவள் கேட்டாள்: "அப்பா, அந்தச் சாமையை அப்புறம் யார்தான் சாப்பிடுவாங்க?"

தூக்கம் வந்தவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.