ஆளுக்குப் பாதித் தீர்ப்பு

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "நீ எந்தப் பக்கம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆலை வேண்டாம் என்றால் 'சமூக விரோதி'. மூடியதால் லாரி ஓட்டமும் காண்ட்ராக்ட் வேலையும் போச்சே என்றால் 'கம்பெனியிடம் காசு வாங்கியவன்'. அதற்குமேல் பேச்சு நகராது.

ஒரு உதாரணம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக ஆலை 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் ஆலை தொடர்ந்து இயங்கவும் அனுமதித்தது. எதிர்ப்பவர் முதல் பாதியைச் சொல்வார், ஆதரிப்பவர் இரண்டாம் பாதியை. ஒரே தீர்ப்பு, ஆளுக்குப் பாதி!

ஆலை வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவதில் தப்பில்லை. 2024 பிப்ரவரியில் வேதாந்தாவின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. சரி, ஓய வேண்டாம். ஆனால் 2018 மே 22?

போராட்டத்தின் 100வது நாள். கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போனது கூட்டம். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். இதில் இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது? ஆலையை ஆதரிப்பவர் நாளை வேறொரு கோரிக்கையோடு அதே வாசலுக்குப் போனால், அவர் உயிருக்கும் அதே சட்டம்தானே காவல்?

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தை அமைத்தது அ.தி.மு.க. அரசு. அறிக்கை வந்தது தி.மு.க. ஆட்சியில், 2022ல். 17 போலீஸார் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது அறிக்கை. டிவி பார்த்துத்தான் விஷயம் தெரியும் என்று அப்போதைய முதல்வர் பழனிசாமி சொன்னதையும் அது ஏற்கவில்லை. உடனே என்ன நடந்தது? ஒரு கட்சிக்கு அது எதிரியை அடிக்கக் கிடைத்த தடி, இன்னொரு கட்சிக்கு அது அரசியல். 4 போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். சுடச் சொன்னது யார், அவருக்கு என்ன தண்டனை என்ற கேள்வி மேடைச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

என்னைக் கேட்டால், ஜனநாயகத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியதில்லை. அரசு நம்மைச் சுடாது, சுட்டால் பதில் சொல்லும் என்று இரண்டு பக்கமும் நம்ப முடிந்தால் போதும். அந்த நம்பிக்கையை எந்தக் கட்சியும் இனாமாகத் தராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர்களே, ஆட்சி மாறும்போது நம் கேள்வியும் மாறினால் அது கேள்வி இல்லை, கட்சி விசுவாசம்.