இருவகை எண்ணிக்கை

இன்று நம் கல்லூரியின் முதலாண்டு வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் 2021-ஆம் ஆண்டில் பள்ளிச் சிறுவர்களாயிருந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு வாக்குப்பதிவு நிகழ்ந்ததையும், மே 2-ஆம் நாள் அவ்வாக்குகள் எண்ணப்பட்டதையும் அவர்கள் கேட்டறிந்திருப்பர். ஆனால் அவ்விரு நாட்களுக்கும் இடையே கிடந்த 26 நாட்களை எந்த வரலாற்று நூலும் விரித்துக் கூறப்போவதில்லை. அந்நாட்களில் யாமும் எம்மையொத்தாரும் எதனை எண்ணிக்கொண்டிருந்தோம், எதனை எண்ண மறந்தோம் என்பது பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

வாக்களித்த நாள் எமக்கு நன்கு நினைவிலுள்ளது. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை அப்பொழுதுதான் தலையெடுத்தது. கூட்டம் சேராதிருக்கும்பொருட்டு மாநிலம் முழுவதும் 88,000-க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளை அமைத்திருந்தனர். வாயிலில் ஒருவர் எம் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து உடற்சூட்டை அளந்தார். மற்றொருவர் உள்ளங்கையில் கிருமிநாசினியை ஊற்றினார். ஒரு கைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறையொன்று தரப்பட்டது. ஒற்றைக் கையுறையோடு வரிசையில் நின்ற எம் கோலம் எமக்கே நகைப்பை விளைத்தது. மாலை 6 மணிக்குமேல் ஒரு மணி நேரம் நோயுற்றோர் முழுக்கவசம் அணிந்து வந்து வாக்களிக்கவும் இடமளித்திருந்தனர். இத்துணை ஒழுங்கையும் கண்டு, நம் மக்கள் எதனையும் முறையாகச் செய்ய வல்லவர் என்னும் பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். மறுநாளே அவ்வொழுங்கு எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

முடிவுக்குக் காத்திருத்தல் நமக்குப் புதிதன்று. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தல் ஏறத்தாழ நான்கு திங்கள் நீடித்தது. 2011-இல் ஏப்ரல் 13-ஆம் நாள் வாக்களித்துவிட்டு மே 13 வரை ஒரு திங்கள் முழுதும் காத்திருந்தோம். 2016-இலோ மூன்றே நாட்களில் முடிவு தெரிந்துவிட்டது. 2021-இல் மேற்கு வங்காளத்தில் எட்டுக் கட்டங்களாக ஏப்ரல் 29 வரை வாக்குப்பதிவு நடந்தமையால், ஒரு நாட்டின் முடிவு மற்றொரு நாட்டு வாக்காளர் மனத்தைத் திருப்பாதிருக்கும்பொருட்டு, எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் எண்ணுவதென வைத்தனர். காரணம் நேரியதே. நோய்க்காலத்தில் இங்ஙனம் காத்திருந்தவர்களும் நாம் முதல்வர் அல்லேம். 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. கடல்கடந்திருந்த படைவீரரின் வாக்குகள் வந்து சேரவேண்டியிருந்தமையின் டிசம்பர் 28-ஆம் நாளே எண்ணினர். இன்புளூயன்சா உலகத்தை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாட்டு மகளிர் பொதுத்தேர்தலில் வாக்களித்தது அதுவே முதன்முறை. அவர்கள் அவ்விரு வாரமும் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து என்னென்ன எண்ணியிருப்பர் என்று யாம் பன்முறை நினைத்ததுண்டு.

வாக்குப்பதிவுக் கருவியின் இயல்பு ஒன்றை இங்கே கூறல் வேண்டும். பதிவு முடிந்தவுடன் சாவடித் தலைமை அலுவலர் அதற்கெனவுள்ள பொத்தானை அழுத்திக் கருவியை மூடுகின்றார். அதன்பின் அதில் ஒரு வாக்கும் ஏறாது. மொத்தம் பதிவான வாக்குகள் எத்தனை என்பதை 17-சி என்னும் படிவத்தில் எழுதி, கட்சி முகவர்களுக்குப் படி கொடுக்கின்றார். எவர்க்கு எத்தனை என்பது மட்டும் கருவிக்குள் அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே அஞ்சல் வாக்குகள் நீங்கலாக, ஏப்ரல் 6-ஆம் நாள் இரவுக்குள் தமிழ்நாட்டின் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது, படிக்கப்படாதிருந்தது, அவ்வளவே. அக்கருவிகளைப் பெரும்பாலும் கல்லூரிக் கட்டடங்களிலேயே பூட்டி வைத்தனர். சென்னையில் இலயோலாக் கல்லூரியும் இராணி மேரிக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகமும் எண்ணும் இடங்களாயின. கற்பிக்கும் கூடங்களில் கருவிகள் காவலோடு உறங்க, மாணவர்கள் கைப்பேசியின் சிறு திரையில் பாடங் கேட்டுக்கொண்டிருந்தனர்.

நம் கல்லூரி வாயிலுக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த பெரியவரைப் பழைய மாணவர் பலர் அறிவர். ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். வாக்குப்பதிவுக்கு மறுநாள் அவர் தம் கடையின் கதவுப் பலகையில், 234 இடங்களுள் தம் கட்சிக்கு இத்தனை என்று சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதிவைத்தார். அவ்வெண் இன்னதென யாம் கூறோம். கூறின் அவர் கட்சி வெளிப்படும். இம்மலரில் கட்சி பேசுதல் எமக்கு உடன்பாடன்று. அவ்வெண்ணின் கீழே போட்டிருந்த பெஞ்சில் நாடோறும் வழக்காடினோம். தொகுதி தொகுதியாகக் கூட்டினோம், கழித்தோம். இடையிடையே அண்ணாச்சியே சிரித்துக்கொண்டு, “பெட்டிக்குள்ளே போனது போனதுதான் சார். நாம பேசி ஒரு ஓட்டு கூடவா போவுது, குறையவா போவுது?” என்பார். அங்ஙனமாயின் நீர் ஏன் பேசுகின்றீர் என்று வினவினால், “சும்மா இருக்க முடியலையே!” என்று விடையிறுப்பார்.

அக்காலத்தில் மற்றோர் எண்ணும் நாடோறும் மாலையில் வெளியாகிக்கொண்டிருந்தது. வாக்குப்பதிவு நாளில் தமிழ்நாட்டில் புதிதாக நோயுற்றோர் தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. வாக்கு எண்ணிய நாளில் அது இருபதினாயிரத்தைக் கடந்தது. இவ்வெண் எந்த அறையிலும் பூட்டிவைக்கப்பட்டதன்று. எவரும் எழுதி முடித்ததும் அன்று. ஒவ்வொரு நாளும் சந்தையிலும் திருமணக் கூடத்திலும் தேநீர்க்கடைப் பெஞ்சிலும் நம்மால் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மாற்ற இயலாத எண்ணைப் பற்றி வாய் ஓயாது பேசினோம். மாற்றக்கூடிய எண்ணைச் செய்தித்தாளின் மூலையிற் கண்டு பக்கத்தைப் புரட்டினோம். இதுவே எம் மனத்தை இன்றளவும் உறுத்துவது.

முடிவறியும் ஆவல் மாந்தர்க்கு இயல்பன்றோ, அதனைக் குற்றமெனல் தகுமோ என்று சிலர் கேட்பர். ஆவலை யாம் பழிக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எளியோன் கையிற் கிடைக்கும் ஒரு பொருளுக்கு என்ன விலை வந்தது என்று அறிய அவன் துடிப்பது முறையே. மற்றும் சிலர், நோய் பரவியதற்குக் கட்சிகளின் பெருங்கூட்டங்களும் அவற்றைத் தடுக்காத அதிகாரிகளுமே காரணம் என்பர். அவர்களை விடுவிக்க யாம் வழக்குரைஞர் அல்லேம். ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றமே தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகக் கடிந்துகொண்டது. அதன் மறுநாளே வெற்றி ஊர்வலங்களுக்கு ஆணையம் தடை விதித்தது. ஆயினும் அந்த 26 நாட்களில் ஏற்கெனவே ஆண்டவர் புதிய திட்டம் எதனையும் அறிவிக்கலாகாது. இனி ஆளப்போகிறவர் யாரெனத் தெரியாது. அத்தகைய இடைவெளியில் குடிமக்களின் சொந்த ஒழுக்கத்தைத் தவிர நாட்டிற்கு வேறு காவல் மிகக் குறைவு. அதுவே குடிமகனின் பணி மிகுந்த காலம். நாமோ விரலில் மை இட்டவுடன் கடமை தீர்ந்ததெனக் கருதி, நாடகம் தொடங்குமுன் கொட்டகையில் அமர்ந்திருப்போரைப்போல் ஆனோம்.

அம்மை இடக்கைச் சுட்டுவிரலில் நெடுநாள் இருந்தது. நகம் வளர வளர அக்கறை மெல்ல மேலேறிற்று. ஏப்ரல் 20-இல் இரவு ஊரடங்கு வந்தது. 25-ஆம் நாள் முதல் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. 26-ஆம் நாள் முதல் தேநீர்க்கடைகளில் அமர்ந்து பருகலாகாது, பொட்டலமாகவே வாங்கிச் செல்லவேண்டும் என்றனர். பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுவரோரம் சார்த்திவிட்டார்கள்.

அதற்குமுன், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணாச்சிக்கு அருகே அமர்ந்து ஒரு மணி நேரத்துக்குமேல் தென்மாவட்டத் தொகுதிகளைக் கணக்கிட்டோம். இரண்டு நாள் கழித்து எமக்கு இருமலும் காய்ச்சலும் கண்டன. சோதனையில் நோயென்று தெரிந்தது. பதினைந்து நாள் வீட்டின் பின்னறையில் தனித்திருந்து பிழைத்துக்கொண்டோம். உணவுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு விலகி நிற்கும் வீட்டாரின் காலடியோசை ஒன்றே அந்நாட்களில் எமக்கு வாய்த்த உறவு. ஏழெட்டு நாளில் அண்ணாச்சியும் படுத்தார். யாரிடமிருந்து யார் பெற்றார் என்று அறிய வழியில்லை. அவர் கடைக்கு நாடோறும் பலர் வந்தனர் என்று எம்மை யாமே தேற்றிக்கொள்கின்றோம். அத்தேறுதல் பகலில் நிற்கின்றது, இரவில் நிற்பதில்லை.

ஏப்ரல் 29-ஆம் நாள் இரவு, வாக்களித்து வெளிவந்தோரைக் கேட்டெடுத்த கணிப்புகளைத் தொலைக்காட்சிகள் வெளியிட்டன. சிறிது நேரத்தில் மருத்துவமனையிலிருந்து அவர் எம்மைக் கைப்பேசியில் அழைத்தார். மூச்சிரைப்பு நன்கு கேட்டது. “எத்தனை சொல்றாங்க சார்?” என்றார். கூறினோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஞாயித்துக்கிழமை பார்ப்போம்” என்றார். மறுநாள் மாலை அவர் மறைந்த செய்தி வந்தது. யாம் அப்பொழுதும் பின்னறையிலேயே இருந்தமையால் இறுதிக் கடனுக்குச் செல்லவும் கூடவில்லை.

மே 2 ஞாயிற்றுக்கிழமை. முழு ஊரடங்கு நாள். நோயின்மைச் சான்று பெற்றோரும் இருமுறை தடுப்பூசி இட்டுக்கொண்டோருமே எண்ணுமிடத்தினுள் விடப்பட்டனர். காலை 8 மணிக்கு அஞ்சல் வாக்குகளில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக எண்ணினர். தி.மு.க. கூட்டணி 159 இடங்களைப் பெற்றது. பத்தாண்டு ஆட்சி மாறியது. தடையிருந்தும் வெற்றிபெற்றோர் சிலர் வீதியில் கூடி வெடி வெடித்தனர். தெருக்கோடியிலிருந்து வந்த அவ்வோசையைக் கேட்டவாறு யாம் ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி இட்ட வாக்கும் அன்று எண்ணப்பட்டிருக்கும். இறந்தவர் என்று அதனைத் தனியே எடுத்துவைக்க வழியுமில்லை, தேவையுமில்லை. திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராய் நின்ற மாதவராவ் அவர்கள் கொரோனா நோயுற்று ஏப்ரல் 11-ஆம் நாளே காலமானார். அவர் பெற்ற வாக்குகளும் அன்று முறையாக எண்ணப்பட்டன. அந்த 26 நாட்களில் வாக்களித்துவிட்டு மறைந்தோர் எத்துணைபேர்! கருவிக்கு உயிரோடிருப்பவர் வாக்கும் இல்லாதவர் வாக்கும் ஒன்றே. அச்சமன்மை எமக்கு ஒருவகையில் ஆறுதலாயும் ஒருவகையில் தாங்கொணாததாயும் இருந்தது.

நோய் பரவுங்காலத்தில் தேர்தலைப் பல கட்டங்களாக நீட்டி, முடித்தவர்களையும் வாரக்கணக்கில் காக்கவைத்தல் தகாது என்பது எம் கருத்து. எட்டுக் கட்டங்களைக் குறைத்திருப்பின் காத்திருப்பும் குறைந்திருக்கும். ஆனால் இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு எம் பங்கை மறைத்தல் நேர்மையாகாது. 2016-இற்போல் மூன்றே நாளில் முடிவு வந்திருப்பினும் யாம் அப்பெஞ்சில் வேறு எதையேனும் பேசிக்கொண்டுதான் அமர்ந்திருப்போம்.

மே 10 முதல் முழு ஊரடங்கு வந்தது. அவ்வாண்டின் நடுவில் அது தளர்ந்தபின் அண்ணாச்சியின் மகன் கடையைத் திறந்தார். விரலில் மையின் அடையாளம் அறவே நீங்கிவிட்ட ஒரு காலையில் யாம் அங்குச் சென்றோம். கதவுப் பலகையிலிருந்த எண் மழைச்சாரலிற் கரைந்து, முதல் இலக்கம் மட்டும் தெரிந்தது. “துடைச்சிரட்டுமா சார்?” என்று அவர் வினவினார். யாம் விடை கூறவில்லை. பெஞ்சை நிமிர்த்திப் போட்டிருந்தார்கள். தேநீரை வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே பருகினோம்.