காதிலே கருவி, நாவிலே பல பாஷை

விண்வெளிக் கப்பலில் ஒரு பெண்ணுக்கு என்ன உத்தியோகம் கொடுப்பார்கள்? "டெலிபோன் எடுக்கிற வேலைதானே!" என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே!

1966-ம் வருஷம் செப்டம்பரில் அமெரிக்க டெலிவிஷனில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் ஆரம்பமாயிற்று. அதில் 'எண்டர்பிரைஸ்' கப்பலின் செய்தித் தொடர்பு அதிகாரி, லெப்டினன்ட் உஹூரா. ஸ்வாஹிலி பாஷையில் 'உஹுரு' என்றால் சுதந்திரம். அதிலிருந்து பிறந்த பெயர். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. பல வாரங்களில் அவருக்குக் கிடைத்த வசனம், தொடர்பு திறந்தாயிற்று என்று கேப்டனுக்குச் சொல்லும் ஒரே வரிதான்.

ஆனால் 1967-ல் வந்த ஒரு கதையைக் கேளுங்கள். தன்னைக் கிரேக்க தேவன் அப்போலோ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன் கப்பலையே பிடித்து நிறுத்திவிடுகிறான். கீழே இறங்கிய கேப்டனோடு பேச வழியில்லை. உஹூரா என்ன செய்கிறாள் தெரியுமா? கருவிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் இணைப்புகளைத் தன் கையாலேயே மாற்றிப் பொருத்துகிறாள். கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் பாழ்! இந்த வேலைக்கு அவளை விடத் தகுதியானவர் இல்லை என்று ஸ்பாக்கே ஒப்புக்கொள்கிறார். லேசில் யாரையும் புகழ்கிற ஆசாமியா அவர்?

இவ்வளவு கெட்டிக்காரியை 1991-ல் வந்த சினிமாவில் என்ன பாடு படுத்தினார்கள்! எதிரிகளான கிளிங்கான்களின் காவல் நிலையத்தைத் தாண்ட வேண்டும். மொழிபெயர்ப்பு யந்திரத்தை உபயோகித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உடனே உஹூரா தடித்தடி அகராதிகளைப் புரட்டிக்கொண்டு, தத்துப்பித்தென்று உளறுகிறாள். தியேட்டரில் சிரிப்பு வரலாம்; எனக்கு வரவில்லை. எதிரியின் பாஷை தெரியாமல் இருபத்தைந்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாமா? நிக்கல்ஸுக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை.

2009-ல் வந்த படம் இதற்குப் பரிகாரம் செய்தது. இதில் உஹூரா ஜோயி சல்டானா. வேற்றுக் கிரகவாசிகளின் பாஷைகளைப் படித்த மாணவி. வல்கன் பாஷைக்கும் ரோமுலன் பாஷைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறார், பணியிலிருக்கும் அதிகாரி. உஹூராவுக்கோ ரோமுலனில் மூன்று வழக்குகளும் தெரியும். அவரை எழுப்பிவிட்டு இவளை உட்கார வைக்கிறார் கேப்டன்! இரண்டு பாஷைகள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும்போது எது எது என்று பிரித்தறிவதுதானே அசல் வித்தை?

இன்னொரு விஷயம். முதல் வருஷ முடிவில் நிக்கல்ஸ் நாடக மேடைக்குப் போய்விடலாம் என்றிருந்தார். அப்போது சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், "போகக் கூடாது" என்று தடுத்ததாகப் பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார். தங்கிவிட்டார். 1977-ல் 'நாஸா'வுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் வேலைக்கு மனுப்போடச் சொன்னார். மறு வருஷம் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள்!

சிறு வயதில் உஹூராவைப் பார்த்து வளர்ந்த டாக்டர் மே ஜெமிசன், 1992-ல் 'எண்டெவர்' ஓடத்தில் சென்று, விண்வெளியை எட்டிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அங்கே ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும்போதும் அவர் சொன்னது, உஹூராவின் அந்த ஒரே வரியைத்தான்!