விறகுக் கட்டையில் ஒரு கொட்டாப்புளி

தோல்வேலை பழகத் தொடங்குகிறவர் கையிலிருக்கும் பணத்தை நல்ல தோலுக்கும் நல்ல கத்திக்கும் செலவழிக்கட்டும். தையல் துளை போடும் பல் உளிக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். உளியின் தலையில் தட்டும் கொட்டாப்புளிக்கு மட்டும் வேண்டாம். அதைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அடிக்கும் கருவியின் கனம் அவரவர் மணிக்கட்டுக்கு ஒத்துவர வேண்டும் என்பது. வெளிநாட்டிலிருந்து வரும் கொட்டாப்புளிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும், செய்தவர் முடிவு செய்த கனம்தான் நமக்குக் கிடைக்கும்.

வீட்டில் சுத்தியல் இருக்கிறதே, அது போதாதா? போதாது. இரும்பு இரும்பின் மேல் விழும்போது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நொடித்துணுக்கில் விசை உச்சத்துக்குப் போகிறது, சுத்தியல் துள்ளித் திரும்புகிறது. உளியின் தலை நாளடைவில் பரந்து, விளிம்பு மடங்கிவிடும். மடங்கிய விளிம்பிலிருந்து சில்லு தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. மரம் அப்படியல்ல, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். தொடும் நேரம் நீளும். அடி, தள்ளலாக மாறி உளியின் பற்கள் வழியே தோலுக்குள் இறங்கும். இந்த இணையில் தேய வேண்டியது கொட்டாப்புளிதான். விலை கொடுத்து வாங்கிய உளி தேயக் கூடாது.

பேருந்து நிலையத்து ஓரம் செருப்புத் தைக்கிறவர் இரும்புச் சுத்தியல்தானே வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் அதனால் ஆணி அடிக்கிறார், பசை போட்டு ஒட்டிய மடிப்பைத் தட்டிச் சமன் செய்கிறார். தையலுக்குத் துளை வேண்டுமென்றால் குத்தூசியைக் கையால் அழுத்தித் தள்ளுகிறார். கருவியின் தலையில் அடிக்கும் வேலை அவருக்கு அதிகம் இல்லை. அவர் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து, அவருடைய நேரத்துக்கு உரிய பணத்தையும் கொடுத்துவிட்டு, அந்தக் குத்தூசி எந்தக் கோணத்தில் நுழைகிறது என்று பாருங்கள். பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. அவர்களுடைய கைத்திறனைத் திறன் என்று சொல்லக்கூட நமக்கு வாய் வரவில்லை. இன்று அதே வேலை நகரங்களில் வார இறுதிப் பயிற்சியாகிவிட்டது. பளபளக்கும் பெட்டியில் கருவிகளை அடுக்கி விற்கிறார்கள். யார் கற்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெட்டியின் விலையைப் பார்த்து, ஆசையோடு வந்த ஒரு பிள்ளை திரும்பிப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஒரு கட்டையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, எந்தக் கட்டை? புளி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கறிக்கடையில் கத்தி இறங்கி இறங்கி நடு பள்ளமான பிறகும் பிளக்காமல் நிற்கும் கட்டை பெரும்பாலும் புளிதான். உலக்கைக்கும் செக்குக்கும் அதைத் தேடிப் போனவர்கள் காரணமில்லாமல் போகவில்லை. அது கிடைக்காத ஊரில் சீமைக்கருவேலம் போதும். இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகும் அந்த மரம் நல்ல கனம், நல்ல கடினம். காயும்போது மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். விறகுக் கடையில் எடை போட்டு வாங்கலாம்.

வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். மரத்தின் நடுப்புள்ளி உங்கள் கட்டைக்குள் இருக்கக் கூடாது. மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருண்டையாக விட்டால் இந்த இழுபறி தாங்காமல் விளிம்பிலிருந்து நடுவரை வெடிக்கும். ஆகவே கொஞ்சம் பருத்த கட்டையை வாங்கி, நடுவோடு பிளந்து, ஒரு பாதியிலிருந்து எடுங்கள். ஈரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும் என்பதால், முனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிப்பு நிச்சயம்.

வடிவத்தில் எனக்குப் பிடித்தது உருளை. தலையும் காம்பும் ஒரே நேர்கோட்டில், ஒரே கட்டையில். சுத்தியல் போலக் குறுக்கே காம்பு செருகினால், துளை போட்டு ஆப்பு அடிக்க வேண்டும். அடிக்கும்போதெல்லாம் முகம் நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உருளையில் எந்தப் பக்கம் பட்டாலும் அடி ஒன்றுதான். கண்ணை உளியின் நுனியை விட்டு எடுக்கவே தேவையில்லை. தோல்வேலையில் இது பெரிய விஷயம். ஒரு பல் கோட்டை விட்டு விலகினால் அந்தத் துளையை மூட வழியே கிடையாது.

25 சென்டிமீட்டர் நீளக் கட்டையை எடுத்து, தலைப்பக்க முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் சுற்றிலும் ரம்பத்தால் வெட்டு போடுங்கள். தலைக்கு 7 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும், காம்புக்கு 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற ஆழத்தில் வெட்டு நிற்க வேண்டும். பிறகு காம்புப் பக்க முனையில் அரிவாளை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால், சிம்பு சிம்பாக வெட்டுவரை பிளந்து விழும். மிச்சத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக்கொள்ளலாம். கை பிடிக்கும் இடத்தில் நடு சற்றே பருத்திருந்தால் நழுவாது. தலையை மேலே அகலமாகவும் காம்பை நெருங்கும்போது சிறிது குறுகலாகவும் சீவுங்கள். முழங்கையை மையமாக வைத்துக் கை வளைவாகத்தான் இறங்குகிறது. அந்தச் சரிவு இருந்தால் உளியின் தலையில் அடி தட்டையாக விழும்.

இந்த அளவில் செய்தால் மொத்தம் 380 கிராம் அளவில் வரும். ஈரப்படுத்திய தோலில் அச்சு பதிப்பதற்கு 300 முதல் 450 கிராம்வரை நல்ல கனம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, கூடுதலாக இருந்தால் மேலிருந்து ஒரு விரற்கடை அறுத்துவிடலாம். குறைந்தால் தலையின் உச்சியில் துளை போட்டு ஓர் இரும்பு போல்ட்டை எம்-சீல் வைத்துப் புதைக்கலாம். எந்தக் கடைக் கொட்டாப்புளியும் இப்படி வளைந்து கொடுக்காது.

தலையைச் சுற்றிப் பச்சைத் தோல் கட்டினால் இன்னும் உழைக்கும். பதனிடாத தோலைத்தான் சொல்கிறேன். மிருதங்கமும் தவிலும் கட்டுகிறவர்களிடம் கேட்டால் எருமைத் தோல் வாரில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கலாம். இரவு முழுக்க ஊறவைத்து, இழுத்துச் சுற்றி, முனைகளைச் சிறு ஆணியால் அறைந்துவிடுங்கள். காயக் காயச் சுருங்கி மரத்தை இறுக்கும். அதற்குப் பசையே தேவையில்லை. ஈரம் பட்டால் மறுபடி தளரும் என்பதால் மழைக்காலத்தில் உள்ளே வைக்க வேண்டும். நாய் இருக்கும் வீடென்றால் உயரத்தில் வைக்க வேண்டும்.

மரம் சீவ இடமில்லாத அடுக்குமாடிக்காரர்கள் லேத் பட்டறையில் நைலான் கம்பியின் வெட்டு மிச்சத்தைக் கேட்கலாம். 6 சென்டிமீட்டர் விட்டம், 9 சென்டிமீட்டர் நீளம் என்றால் 290 கிராம் வரும். காம்புக்குத் துளையை அவர்களே போட்டுத் தருவார்கள். கொடுத்தது நைலான்தானா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள்: நைலான் மூழ்கும், பாலிதீன் மிதக்கும். பாலிதீனும் அடி தாங்கும். ஆனால் கனம் குறைவு, பசையும் ஒட்டாது, போல்ட் போட்டுத்தான் முடுக்க வேண்டும்.

அடிக்கும் இடமும் கொட்டாப்புளியில் பாதி. கிரானைட் கடையில் மிஞ்சிய துண்டு ஒன்றை வாங்கி, மேசையின் காலுக்கு நேர் மேலே வையுங்கள். மேசையின் நடுவில் வைத்தால் பலகை அதிர்ந்து அடியை விழுங்கிவிடும். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம்தான் போகும். உளி கல்லில் பட்டு மழுங்காமல் இருக்க, மேலே காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகை.

பெல்ட்டுக்குப் பெரிய பஞ்ச் வைத்துத் துளை போட 700 கிராமுக்கு மேல் கனம் வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் பருத்த கட்டை ஒன்றையும் இப்போதே சேர்த்து வாங்கி, முனைகளில் மெழுகு தடவி வைத்துவிடுங்கள். சின்னது கைக்குப் பழகுவதற்குள் அது காய்ந்திருக்கும்.