தண்ணி ஊத்தினா தீருமா எஞ்சின் சூடு?

பயிரில் இலை மஞ்சளானால் உடனே கடைக்கு ஓடாதீர்கள், மண்ணைப் பாருங்கள், வேரைப் பாருங்கள், தண்ணீர் தேங்கி நிற்கிறதா பாருங்கள் என்று நம் கூட்டங்களில் சலிக்காமல் சொல்லி வருகிறோம். அதே நாம், உழவின் நடுவே பவர் டில்லரோ சின்ன டிராக்டரோ சூடேறி நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? ஒரு குடம் தண்ணி ஊற்றுகிறோம். மறுபடி சூடானால் மறுபடி ஊற்றுகிறோம். மூன்றாவது முறை மெக்கானிக்குக் போன் போடுகிறோம். பயிருக்கு ஒரு நியாயம், எந்திரத்துக்கு ஒரு நியாயமா?

எந்திரமே வேண்டாம், மாடு போதும் என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. மாடு வைத்து உழ முடிகிறவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் ஆள் கிடைக்காத ஊர்களில் நம்மில் பலருடைய கொட்டகையில் ஒரு எந்திரம் நிற்கிறது. பலருக்கு அது கடனில் வந்தது. நிற்கிற எந்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் வைத்திருப்பதும் ஒருவகை அடிமைத்தனம்தான். வெளி இடுபொருளை விட்டொழித்தவர்கள், கைக்குள் அடங்கும் வேலைக்கு ஏன் வெளியாளை எதிர்பார்க்க வேண்டும்?

இதில் இயற்கை உழவருக்குக் கூடுதல் அக்கறை வேண்டும். நம் நிலத்தில் மூடாக்கு இருக்கிறது. பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறோம். சருகும் தூசும் பூவிதழும் பறந்து போய் ரேடியேட்டரின் முன்வலையில் அப்பிக்கொள்ளும். காற்று உள்ளே போக வழியில்லை என்றால் சூடு எப்படி வெளியே போகும்? காற்றால் குளிரும் சின்ன வீடர்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளில் புல்லும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். விளைவு ஒன்றுதான்.

சூடேறிவிட்டது என்று தெரிந்தால் முதலில் சுமையை எடுங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி, நியூட்ரலில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். நீராவி பீறிட்டாலோ தண்ணி ஒழுகிப் போயிருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாய் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, வெறுங்கையால் தொட முடிகிறதா பார்த்த பிறகு, துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணியைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

ஆறிய பிறகு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். காசில்லாத வேலைகள் எல்லாம் வெளியில்தான் இருக்கின்றன.

முன்வலையைக் கழற்றித் தட்டுங்கள். ரேடியேட்டரை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். முன்பக்கமிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். தண்ணியடித்தால் மெதுவாக அடியுங்கள், வேகத்தில் தகடுகள் மடங்கிவிடும். அடுத்து ஃபேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொளதொளத்தால் ஃபேன் சுற்றுவதுபோல் சுற்றும், காற்று வராது. பிறகு ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஈரக் கசிவு, மூடியின் ரப்பர் வாஷர். கடைசியாக ஆயில் அளவு. ஆயில் குறைந்தாலும் எஞ்சின் சூடாகும் என்பது பலருக்கு மறந்தே போகிறது. காற்றால் குளிரும் வீடரில் தண்ணியே கிடையாது, அங்கே முதல் பார்வையே ஆயிலில்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தண்ணியைச் சந்தேகப்படுங்கள். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, போர் தண்ணியை ஊற்றி ஊற்றி ஓட்டினால் எஞ்சினுக்குள்ளும் அதே உப்புதான் படியும். அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. குடம் குடமாக ஊற்றுகிறவர் நோயைத்தான் ஊற்றி வளர்க்கிறார். மழைநீர் பிடித்து வைத்திருக்கிற நாம் அதை வடிகட்டி இரண்டு கேன் எந்திரத்துக்கென்று ஒதுக்கலாமே! துரு பிடிக்காமல் இருக்கக் கூலன்ட் கலக்க வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. ஆனால் அதில் இருக்கும் கிளைக்கால் நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் உயிருக்கு ஆபத்து. பழைய கூலன்ட்டை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள்.

டிராக்டர் சூடானால் பல இடங்களில் ஒரு வைத்தியம் செய்கிறார்கள். "அண்ணே, தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாதுண்ணே." கேட்க நன்றாக இருக்கும். கழற்றிவிட்டால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாது, புகை கூடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும், நமக்குத்தான் தெரியாமல் போகும். பூச்சியைக் கொன்றுவிட்டு மண்ணைக் கவனிக்காமல் விடுவது போலத்தான் இதுவும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு பாத்திரத் தண்ணியில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதி வருவதற்குள் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

ரேடியேட்டர் தண்ணியில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், செலவு பல மடங்காகும்.

எந்திரத்தில் எந்தக் குறையும் இல்லாமலும் சூடாகலாம். அப்போது குறை வேலையில் இருக்கிறது. சணப்பைப் பூவெடுக்கும் பருவத்தில் மடக்காமல் முற்றவிட்டால் தண்டு நாராகிக் கத்தியில் சுற்றிக்கொள்ளும். காய்ந்து இறுகிய மண்ணில் ஒரே ஓட்டத்தில் ஆழமாக இறக்கினாலும் எஞ்சின் திணறும். ஆழத்தைக் குறைத்து இரண்டு ஓட்டமாக ஓட்டுங்கள், வெயில் ஏறுமுன் முடியுங்கள், கத்தியில் சுற்றியதை எஞ்சினை அணைத்துவிட்டு அறுத்தெடுங்கள். மூடாக்குப் போட்டுப் பொலபொலப்பான மண்ணில் எஞ்சின் இவ்வளவு பாடுபடாது. ஈரமும் பருவமும் சரியாக இருந்தும் வருடா வருடம் ஒரே வயலில் எந்திரம் திணறினால், மண் இறுகிக்கொண்டே போகிறது என்று பொருள். மெக்கானிக்கைத் தேடுமுன் அந்த மண்ணுக்கு என்ன குறை என்று பாருங்கள்.

நம் பயிற்சி முகாம்களில் ஜீவாமிர்தம் கலக்கக் கற்றுத் தருகிறோம், பூச்சிவிரட்டி ஊறவைக்கக் கற்றுத் தருகிறோம். அதோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முகாம் நடக்கும் பண்ணையின் எந்திரத்தையே நடுவில் நிறுத்தி, வலையைக் கழற்றவும் பெல்ட்டை அழுத்திப் பார்க்கவும் சொல்லிக் கொடுக்கலாம். பெண்களும் பிள்ளைகளும் கைவைத்துப் பழகட்டும். ஊரில் நல்ல மெக்கானிக் இருந்தால் அவரையே ஆசிரியராகக் கூப்பிடுவோம். நாற்று முற்றிக்கொண்டிருக்கிற நாளில் சேற்றுழவுக்கு எந்திரம் ஓடாமல் நின்றால் நஷ்டம் நமக்குத்தான்.