பழைய மருந்துச் சீட்டும் அரசின் கடமையும்

பதற்றம் தணிக்க மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையைக் கூடுதலாக உட்கொள்வது மட்டுமல்ல, அவரைக் கேட்காமல் நிறுத்துவதும் ஆபத்தே. ஆனால், அரசின் கண்காணிப்பு மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறது.

அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை 2014 மார்ச் 1 முதல் 'எச்-1' பட்டியலில் உள்ளன. இவற்றை விற்போர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனினும், தில்லி எய்ம்ஸ் தலைமையில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மருத்துவர் பரிந்துரையின்றி இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்துவோர் சுமார் 1.18 கோடி பேர்.

சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டாலே உடல் இம்மருந்துகளுக்குப் பழகிவிடக்கூடும். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பும் ஏற்படலாம். மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி.

அந்த மேற்பார்வை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்புக்கு உள்ளானோரில் நோயின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 சதவீதத்தினர் வரை சிகிச்சை பெறவில்லை எனக் கண்டறிந்தது. நிமான்ஸில் போதை மீட்புக்குத் தனி மையம் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' தொலைபேசிச் சேவைக்கும் (14416) அதுவே தலைமை மையம்.

ஆனால், பெங்களூருக்கு வர இயலாதவர் என்ன செய்வார்? பழைய சீட்டையே மீண்டும் கடைக்காரரிடம் நீட்டுவார். அல்லது தாமாகவே மாத்திரையை நிறுத்துவார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவரின் தொடர் சிகிச்சை கிடைக்கச் செய்யாதவரை, பதிவேடு மட்டும் இவரைக் காப்பாற்றாது.